கண் டாக்சோபிளாஸ்மா அழற்சியில் மரபுக் காரணிகள்

டாக்சோபிளாஸ்மா கோண்டி என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் விழித்திரையிலும் அதன் பின்னுள்ள கோராய்டு படலத்திலும் உண்டாகும் அழற்சி, கண் டாக்சோபிளாஸ்மா நோய் எனப்படும். கண்ணின் பின்பகுதியில் அழற்சி உண்டாக்கும் தொற்றுகளில் உலக அளவில் இதுவே முதன்மையானது. சரியாக வேகாத இறைச்சி, பூனையின் மலத்தால் மாசுபட்ட நீர், மண், காய்கறி ஆகியவற்றின் வழியாக இது தொற்றும். கருவுற்ற தாயிடமிருந்து சிசுவையும் அடையும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்தொற்று ஏற்பட்டுள்ளதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் சிறுபான்மையினருக்கே கண் பாதிக்கப்படுகிறது. இதன் காரணம் ஒட்டுண்ணியின் மரபிலும் மனிதரின் மரபிலும் தேடப்பட்டு வருகிறது.

பழைய தழும்பின் ஓரத்தில் தோன்றும் வெண்ணிறப் புதுப்புண் இந்நோயின் அடையாளம். பார்வை மங்குதலும் கண்முன் புள்ளிகள் மிதத்தலும் முதல் அறிகுறிகள். விழித்திரையின் மையமான மாகுலாவில் புண் அமைந்தால் மையப் பார்வை நிலையாகக் கெடும்.

வரலாறு

1908 இல் துனிஸ் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் வட ஆப்பிரிக்காவின் கொண்டி என்ற கொறிவிலங்கில் இவ்வொட்டுண்ணியைக் கண்டனர். முதலில் அதை லீஷ்மேனியா வகை என்று எண்ணிய அவர்கள், அடுத்த ஆண்டு தனிப் பேரினமாக்கி இன்றைய பெயரை இட்டனர். அதே 1908 இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளெண்டோரே முயலில் இதைக் கண்டறிந்தார்.

கண்ணுடன் இதற்குள்ள தொடர்பை முதலில் காட்டியவர் பிராக் நகரக் கண் மருத்துவர் யோசெஃப் யாங்கூ. மூளையில் நீர் கோத்து இறந்த 11 மாதக் குழந்தையின் விழித்திரையில் தாம் கண்ட ஒட்டுண்ணி உறைகளை 1923 இல் அவர் விவரித்தார். 1930களின் இறுதியில் நியூயார்க்கில் வுல்ஃப், கோவன், பேஜ் ஆகியோர் சிசுவின் உடலிலிருந்து ஒட்டுண்ணியை விலங்குகளுக்கு ஏற்றிக் கருவழித் தொற்றை உறுதிசெய்தனர். 1948 இல் ஆல்பர்ட் சாபினும் ஹாரி ஃபெல்ட்மனும் சாயச் சோதனையை வகுத்ததால் இரத்தத்தில் எதிர்ப்பொருளைக் கண்டறிய முடிந்தது.

1952 இல் அமெரிக்கப் படைத்துறை நோய்க்கூற்றியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலனோர் காம்ப்பெல் வைல்டர், காசநோய், மேகநோய் போன்றவற்றால் கெட்டதாகக் கருதி அகற்றப்பட்டிருந்த பெரியவர்களின் கண்களை மறுபடி ஆராய்ந்தார். 53 கண்களில் ஒட்டுண்ணி இருந்தது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவரின் இக்கண்டுபிடிப்பு கண் மருத்துவத்தின் பாடநூல்களைத் திருத்தியது. ஆயினும், பெரியவர்களிடம் தோன்றும் புண்கள் பிறவித் தொற்றின் மறுகிளர்ச்சியே என்ற கருத்து பல பத்தாண்டுகள் நீடித்தது.

தென் பிரேசில் ஆய்வுகள் அதை வீழ்த்தின. ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எனப் பலருக்கு இந்நோய் இருப்பதை 1988 இல் கிளாவ்டியோ சில்வெய்ரா குழுவினர் காட்டினர். பெரும்பாலும் கருக்காலத்தில் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகும் தாயே அதைச் சிசுவுக்குக் கடத்துவதால், அடுத்தடுத்த பிள்ளைகளின் நோயைப் பிறவித் தொற்றால் விளக்க இயலாது. 1992 இல் வெளியான எரெஷின் வட்டார ஆய்வில், 1,042 பேரில் 17.7 விழுக்காட்டினருக்குக் கண்ணில் டாக்சோபிளாஸ்மா தழும்பு இருந்தது. 1 முதல் 8 வயதுவரை உள்ளோரில் இது 0.9 விழுக்காடு, 13 வயதுக்கு மேற்பட்டோரில் 21.3 விழுக்காடு. அங்கு நோய் பெரும்பாலும் பிறந்தபின் வருவது என்பது இதனால் தெளிவாயிற்று. 1995 இல் கனடாவின் விக்டோரியா நகரில் குடிநீர் வழியாக 100 பேருக்குத் தொற்று பரவியபோது சுமார் 20 பேருக்கு விழித்திரை அழற்சி ஏற்பட்டது. 2004–05 இல் கோயம்புத்தூரில் இந்நோயாளிகள் திடீரெனப் பெருகியதற்கும் நகரின் குடிநீரே காரணமெனக் கருதப்பட்டது.

குடும்பத்தில் பலருக்கு நோய் வருவது மரபுக்கு மட்டும் சான்றாகாது. ஒரே நீரும் ஒரே அடுப்பில் சமைத்த இறைச்சியும் அதே விளைவைத் தரும்.

ஒட்டுண்ணியின் மரபு

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்த ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் 1, 2, 3 என்னும் மூன்று குலவரிசைகளில் அடங்குவதை 1995 இல் ஹோவும் சிப்லியும் நிறுவினர். அங்கு மனிதரைப் பெரிதும் தாக்குவது 2ஆம் வகை. தென் அமெரிக்காவில் இம்மூன்றிலும் சேராத கலப்பு வகைகள் மிகுதி. பிறவித் தொற்றுடைய குழந்தைகளை ஒப்பிட்ட 2008 ஆய்வில், பார்வையைக் கெடுக்கும் அளவு பெரிய புண் உண்டாகும் வாய்ப்பு ஐரோப்பாவைவிடப் பிரேசிலில் ஐந்து மடங்கு இருந்தது. ஒட்டுண்ணியின் மரபு வேறுபாடு இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

வீரியத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் ஆர்.ஓ.பி.18, ஆர்.ஓ.பி.5 ஆகியவை நன்கு அறியப்பட்டவை. சுண்டெலியின் செல்களில் ஐ.ஆர்.ஜி. புரதங்கள் ஒட்டுண்ணி தங்கும் குமிழைச் சூழ்ந்து உடைக்கும். இவ்விரு மரபணுக்களின் புரதங்கள் அவற்றைச் செயலிழக்கச் செய்யும். சுண்டெலியிடம் ஐ.ஆர்.ஜி. மரபணுக்கள் இருபதுக்கு மேல் உள்ளன, மனிதரிடம் இரண்டே. ஆகையால் சுண்டெலியில் அளந்த வீரியம் மனிதக் கண்ணுக்கு அப்படியே பொருந்தாது.

மனித மரபு

தொற்றுக்கு ஆளாகும் உயிரின் மரபும் முக்கியம் என்பதற்கு விலங்குச் சான்று உண்டு: லூயிஸ் எனப்படும் ஆய்வகப் பெரிய எலி வகை இவ்வொட்டுண்ணியை முற்றாக எதிர்க்கிறது. இத்திறன் 10ஆம் குரோமோசோமிலுள்ள டாக்சோ1 என்ற பகுதியில் அமைந்திருப்பது 2006 இல் கண்டறியப்பட்டது. இதே வகை எலி, விழித்திரைப் புரதத்தால் தூண்டப்படும் தன்னெதிர்ப்புக் கண் அழற்சிக்கு எளிதில் ஆளாகும். ஒட்டுண்ணியை விலக்கும் மரபு அழற்சியையும் விலக்கும் என்று கொள்வதற்கில்லை.

மனிதரில் நோயெதிர்ப்பை ஆளும் எச்.எல்.ஏ. மரபணுத் தொகுதி முதலில் ஆராயப்பட்டது. எச்.எல்.ஏ.-பி.62 உடையோரிடம் கண் நோய் கடுமையாதல், டி.கியூ.3 உடைய குழந்தைகளிடம் மூளை நீர்க்கோப்பு மிகுதல் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. பிறவித் தொற்றில் சி.ஓ.எல்.2.ஏ.1, ஏ.பி.சி.ஏ.4 மரபணுக்களின் தொடர்பை 2008 இல் ஜேமிசன் குழுவினர் வெளியிட்டனர். இவற்றுள் ஏ.பி.சி.ஏ.4, ஸ்டார்கார்ட் என்னும் பரம்பரை விழித்திரை நோய்க்குக் காரணமானது. மரபணுப் பிரதி தாயிடமிருந்து வந்ததா தந்தையிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து விளைவு மாறக்கூடும் எனத் தோன்றியதால், மரபணு முத்திரையிடலின் பங்கும் இதில் இருக்கலாம் எனக் கருதப்பட்டது. பி.2.ஆர்.எக்ஸ்.7 மரபணுவும் பின்னர் பட்டியலில் சேர்ந்தது.

பிறந்தபின் வரும் நோய்க்கு அழற்சியை ஆளும் மரபணுக்கள் ஆராயப்பட்டன. காமா இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின்-10, டி.எல்.ஆர்.9, என்.ஓ.டி.2 ஆகியவற்றின் சில வடிவங்கள் நோயுடனும், இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபாவின் ஒரு வடிவம் மறுகிளர்ச்சியுடனும் தொடர்புடையவை. டி.என்.எஃப்.-ஆல்ஃபாவில் தேடிய மாற்றத்துக்குத் தொடர்பு கிட்டவில்லை. இவ்வாய்வுகள் பெரும்பாலும் பிரேசில் நோயாளிகளின் சிறு தொகுப்புகளைக் கொண்டவை.

இன்றைய நிலை

மரபணுச் சோதனை இந்நோயின் மருத்துவத்தில் வழக்கத்துக்கு வரவில்லை. பைரிமெத்தமின், சல்ஃபாடயசின், ஃபோலினிக் அமிலம், ஸ்டீராய்டு ஆகியவை சேர்த்துத் தரப்படுகின்றன. மறுகிளர்ச்சியைத் தடுக்க டிரைமெத்தோபிரிம்–சல்ஃபாமெத்தாக்சசோல் பயன்படுகிறது.