ஜல்லியின் அளவும் காங்கிரீட்டின் வலிமையும்

காங்கிரீட்டில் சேரும் கற்களில் 4.75 மி.மீ. சல்லடையில் தங்குபவை ஜல்லி. அதன் வழியே இறங்குபவை மணல். தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலில் 20 மி.மீ. கல் முக்கால் ஜல்லி, 40 மி.மீ. கல் ஒன்றரை ஜல்லி. அங்குலக் கணக்கில் பிறந்த பெயர்கள் இவை.

வரலாறு: பண்டைய ரோமானியர் கைப்பிடி அளவுக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கையாலேயே பதித்துச் சுவர் எழுப்பினர். 1907இல் அமெரிக்கப் பொறியாளர்கள் புல்லரும் தாம்சனும், பெரிதும் சிறிதுமான கற்களைத் தக்க அளவில் கலந்தால் இடைவெளி குறைந்து காங்கிரீட் செறிவாகும் என்று காட்டினர். 1918இல் சிகாகோவின் டஃப் ஆப்ரம்ஸ், வலிமையை முதன்மையாக முடிவுசெய்வது நீர்–சிமெண்ட் விகிதமே என்றார். இவ்விரண்டும் பெரிய கல்லுக்கே சாதகமாக இருந்தன. கல் பெரிதானால் சாந்து பூச வேண்டிய மொத்தப் பரப்பு சுருங்கும். நீரும் குறைவாகவே போதும்; அதனால் நீர்–சிமெண்ட் விகிதம் இறங்கி வலிமை கூடும். 1930களில் கட்டப்பட்ட ஹூவர் அணையில் 9 அங்குலம் வரையிலான கற்கள் இடப்பட்டன.

1960இல் வாக்கர், புளோம் இருவரின் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. நீர்–சிமெண்ட் விகிதத்தை மாற்றாமல் கல்லை மட்டும் பெரிதாக்கினால் வலிமை இறங்கியது.

காரணம்: காங்கிரீட் இறுகும்முன் மேலெழும் நீர் பெரிய கல்லின் அடியில் தேங்கும். கல்லும் சாந்தும் சேரும் விளிம்பில் நுண்துளைகள் மிகுந்த மெல்லிய படலம் உருவாகும். சுமை ஏறும்போது முதல் விரிசல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சிமெண்ட் குறைந்த கலவையில் நீர்ச் சிக்கனத்தின் பலன் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். சிமெண்ட் மிகுந்த கலவையில் ஈடுகட்டாது. அதனால் அணைக்குப் பெருங்கல்லும், உயர்வலிமைக் காங்கிரீட்டுக்கு 10 முதல் 20 மி.மீ. கல்லும் பொருந்துகின்றன. 1995இல் பிரான்சின் ரிஷார், ஷெரேசி இருவரும் ஜல்லியே இல்லாத மிகுவலிமைக் கலவையை அறிமுகம் செய்தனர்.

இந்திய விதிகள்: 50 மி.மீ. சரிவு (இறுகாத காங்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு) தரும் ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்கு, 10 மி.மீ. ஜல்லியானால் 208 லிட்டர், 20 மி.மீ. ஆனால் 186, 40 மி.மீ. ஆனால் 165 லிட்டர் நீரைத் தொடக்க அளவாக ஐ.எஸ். 10262 தருகிறது. கல்லின் அளவு உறுப்பின் மிகக் குறைந்த தடிமனில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456:2000 விதி. 100 மி.மீ. தளத்துக்கு இந்த வரம்பு 25 மி.மீ.; முக்கால் ஜல்லி அதற்குள் அடங்கும், ஒன்றரை ஜல்லி அடங்காது.