கல்கத்தா 1876: ஓர் ஆண்டு ஈன்ற நிறுவனங்கள்

1876 என்று சொன்னால் தமிழ்நாட்டின் பழைய குடும்பங்களில் எவருக்கும் நினைவுக்கு வருவது தாது வருடப் பஞ்சமே. பருவமழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட கொடுமையின் தொடக்கம் அவ்வாண்டுதான். அதே ஆண்டில் அன்றைய இந்தியாவின் தலைநகராகிய கல்கத்தா வேறொரு காரணத்தால் வரலாற்றில் இடம்பெற்றது. சில மாத இடைவெளிகளில் அந்நகரில் தோன்றிய நிறுவனங்கள் பிற்கால இந்தியாவின் அறிவியலுக்கும் அரசியலுக்கும் வித்திட்டன. அவற்றுள் ஒன்றன் பயனை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர் என்பதால், அவ்வரலாறு நமக்கும் உரியதாகிறது.

இளவரசர் வருகை

அவ்வாண்டின் முதல் நாளே ஒரு தொடக்க விழாவோடு விடிந்தது. இந்தியாவிற்கு வந்திருந்த இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர், அலிப்பூர் விலங்கியல் தோட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியரான மின்பொறியியலாளர் கார்ல் ஷ்வெண்ட்லர் தாம் வளர்த்து வந்த விலங்குகளையே அதற்கு வழங்கினார். மே மாதத்தில் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பின்னர் அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ராம்பிரம்ம சன்யால், அடைபட்ட விலங்குகளைப் பேணும் முறை குறித்து 1892இல் எழுதிய நூல் அத்துறையின் முன்னோடியாக மதிக்கப்படுகிறது.

இளவரசர் வருகையின் மற்றொரு விளைவு கசப்பானது. செல்வர் ஒருவர் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்திற்கே அழைத்துச் சென்று பெண்டிரைக் கொண்டு வரவேற்றார். கிரேட் நேஷனல் தியேட்டர் என்னும் வங்க நாடகக் குழு அதை எள்ளி நகையாடி நாடகம் ஆடியது. அரசு சினம் கொண்டது. பிப்ரவரி இறுதியில் அவசரச் சட்டமும், ஆண்டு முடிவதற்குள் நாடக நிகழ்த்துச் சட்டமும் பிறந்தன. நாடகத்தைத் தடை செய்யும் அவ்வதிகாரம் நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் ஏட்டில் நீடித்தது.

இந்தியச் சங்கம்

ஜூலை 26ஆம் நாள் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் அரங்கத்தில் இந்தியச் சங்கம் நிறுவப்பட்டது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து நீக்கப்பட்டு ஆசிரியராக வாழ்ந்த சுரேந்திரநாத் பானர்ஜியும், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறப்புற்ற ஆனந்தமோகன் போஸும் அதன் முன்னோடிகள். அன்று காலையில்தான் சுரேந்திரநாத்தின் மகன் இறந்தான். மாலையில் அவர் கூட்டத்திற்கு வந்து பேசினார். இச்செய்தியை அவரே தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

அவ்வாண்டில் ஆட்சிப் பணித் தேர்வுக்கான வயது வரம்பு 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டது. இலண்டன் சென்று தேர்வெழுத வேண்டிய இந்திய இளைஞருக்கு அக்கதவு ஏறக்குறைய அடைபட்டது. அதனை எதிர்த்துச் சுரேந்திரநாத் வட இந்தியாவிலும், பின்னர் பம்பாய், சென்னை மாகாணங்களிலும் பயணம் செய்தார். வெவ்வேறு மொழி பேசுவோரை ஒரே கோரிக்கையின்கீழ் திரட்டிய அம்முயற்சி, 1885இல் தோன்றிய காங்கிரசுக்கு நிலத்தை உழுது வைத்தது.

அறிவியல் வளர்ப்புச் சங்கம்

அடுத்த மூன்றாம் நாள், ஜூலை 29 அன்று, இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. நிறுவியவர் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார். மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றவர்; பின்னர் ஹோமியோபதிக்கு மாறி, உடன் பயின்ற மருத்துவர்களின் வெறுப்புக்கு ஆளானவர். இந்தியர் தம் பொருளால், தம் நிர்வாகத்தில், அறிவியல் ஆய்வுக்கென ஓர் அமைப்பு காண வேண்டும் என்று 1869இலேயே எழுதினார். ஏழாண்டுகள் வீடுவீடாகவும் பத்திரிகை வழியாகவும் நன்கொடை வேண்டினார். தொழிற்கல்வியே நாட்டிற்கு உடனடித் தேவை, தூய அறிவியல் பின்னர் ஆகட்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தனர். பஞ்சமும் வறுமையும் சூழ்ந்த நாட்டில் அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. ஆயினும், அறிவைத் தானே ஆக்காத சமூகம் பிறர் ஆக்கியதைக் கடன் வாங்கியே வாழ நேரும் என்பதில் சர்க்கார் உறுதியாக நின்றார். தூய சவேரியார் கல்லூரியின் லாஃபோன் அடிகளார் அவருக்குத் துணை நின்றார்.

பௌபஜார் தெரு 210ஆம் எண் இல்லத்தில் சொற்பொழிவுகள் நடந்தன. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விஜயநகரம் மகாராஜாவின் கொடையால் ஆய்வுக்கூடமும் எழுந்தது. ஆனால் முழுநேர ஆய்வாளருக்கு ஊதியம் வழங்கப் போதிய நிதி சேரவில்லை. கருவிகள் இருந்தும் அவற்றைக் கையாளுவோர் அரியர். தாம் கண்ட கனவு நனவாகாத வருத்தத்துடனேயே 1904இல் சர்க்கார் மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1907இல், திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். டிராம் வண்டியில் செல்கையில் அச்சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கி உள்ளே சென்றார். அவர்தாம் சி. வி. இராமன். நிறுவனரின் மகன் அமிர்தலால் அப்போது சங்கத்தின் செயலாளர்; அவர் இளைஞரை மகிழ்ந்து வரவேற்றார். அலுவலகத்திற்கு முன்னும் பின்னுமாக இராமன் பத்தாண்டுகள் அங்கே ஆய்வு செய்தார். 1917இல் அரசுப் பணியை விட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28இல், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனுழைக்க, ஒளிச்சிதறலில் அவர் கண்ட புதிய உண்மை 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

சிந்தனைக்கு

சர்க்கார் மறைந்தபின் சங்கம் மூடப்பட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். பயன் தரவில்லை என்னும் காரணம் கையிலேயே இருந்தது. அமிர்தலாலின் பெயர் பாடநூல்களில் இல்லை. ஆயினும் அவர் தந்தையின் அமைப்பைக் கைவிடாமல் காத்து, அறிமுகமில்லாத ஓர் இளைஞருக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். நம் ஊர்களிலும் முன்னோர் அமைத்த நூலகங்கள், பாடசாலைகள், அறக்கட்டளைகள் பல, வருவோர் குறைந்து நிற்கின்றன. அவற்றின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.