அத்தோ

அத்தோ என்பது வேகவைத்த நூடுல்ஸுடன் முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், பொரித்த பேஜோ ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசைந்து செய்யப்படும் பர்மிய உணவாகும். பர்மாவிலிருந்து (இன்றைய மியான்மர்) திரும்பிய தமிழர்களால் அறிமுகமான இது, வடசென்னையின் தெருவோர உணவுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

பெயர்

பர்மிய மொழியில் இச்சொல் கையால் கலந்து பிசைந்த உணவைக் குறிக்கும். அங்கு தேயிலை, இஞ்சி முதலியவற்றிலும் அத்தோ செய்வர். சென்னையில் நூடுல்ஸ் வகையே பரவலானதால் பொதுப்பெயர் ஓர் உணவின் பெயராயிற்று. நூடுல்ஸ் பர்மாவுக்குச் சீனாவிலிருந்து வந்ததாகும்.

வரலாறு

1937 இல் பிரிக்கப்படும் வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருந்தது. வணிகம், வட்டித்தொழில், கூலிவேலை ஆகியவற்றுக்காகத் தமிழர் பலர் அங்கு குடியேறினர். 1962 இல் நே வின் தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பின்னர் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964 இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாயின. வாழ்வாதாரம் இழந்தோர் கப்பல் மூலம் சென்னைத் துறைமுகம் வந்தனர். சேமிப்பையும் நகைகளையும் எடுத்துவரப் பலரால் இயலவில்லை.

இவர்களுள் ஒரு பகுதியினர் வியாசர்பாடி, எண்ணூர் ஆகிய இடங்களில் குடியமர்ந்தனர். எண்ணூரில் உள்ள பர்மா நகர் இதனை நினைவூட்டும் பெயராகும். 1969 இல் கடற்கரை இரயில் நிலையம் அருகே, இராஜாஜி சாலையில் பர்மா பஜார் உருவானது. அதனை ஒட்டிய தெருக்களில் அத்தோ கடைகள் தோன்றின. முன்பே வேகவைத்தவற்றை வாடிக்கையாளர் முன் பிசைந்து தருவதால், இத்தொழிலுக்குக் குறைந்த முதலீடே போதுமானது.

பர்மாவில் சேர்க்கப்படும் மீன் சாறும் உலர்ந்த இறால் பொடியும் சென்னையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உப்பும் புளியுமே சுவை தருகின்றன.

வீட்டில் செய்யும் முறை (இருவருக்கு)

பேஜோ: 50 கிராம் கடலைப்பருப்பை 4 மணி நேரம் ஊறவைத்து நீரை வடிக்கவும். அரை கோப்பை அரிசிமாவில் உப்பும் நீரும் சேர்த்துத் தளர்வாகக் கரைத்து, பருப்பைக் கலக்கவும். சூடான எண்ணெயில் கரண்டியளவு ஊற்றி, மெல்லிய வில்லைகளாக மொறுமொறுப்பாகப் பொரிக்கவும்.

பூண்டு எண்ணெய்: நறுக்கிய 10 பூண்டுப் பற்களை 4 மேசைக்கரண்டி எண்ணெயில் குறைந்த தீயில் வதக்கவும். இளம்பொன்னிறத்தில் இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். வெங்காயம் ஒன்றை மெல்லியதாக அரிந்து தனியே பொரிக்கவும்.

கலவை: 200 கிராம் நூடுல்ஸைச் சிறிது மஞ்சள் தூளுடன் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்கு வடிக்கவும். மெல்லியதாக அரிந்த முட்டைக்கோசு, பச்சை வெங்காயம், கொத்தமல்லி, 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, புளிக்கரைசல், மிளகாய்த் தூள், உப்பு, பூண்டு எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசையவும். பொட்டுக்கடலை மாவு புளிநீரை உறிஞ்சி, சுவையை நூடுல்ஸில் ஒட்டச் செய்கிறது. பேஜோவையும் பொரித்த வெங்காயத்தையும் இறுதியில் சேர்க்கவும். முன்பே சேர்த்தால் நமத்துவிடும்.

பரிமாறுதல்

அத்தோவுடன் சூடான வாழைத்தண்டு சூப் தரப்படும். அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிநீர் இட்டுத் தருவதும் இக்கடைகளின் வழக்கமாகும்.