இராப்போஜனப் பாத்திரம் யார் கையில்? – தரங்கம்பாடி லுத்தரன் சபையின் கதை

தரங்கம்பாடி லுத்தரன் சபையின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது ஒரு பட்டியல்தான். 1706 ஜூலை 9ல் சீகன்பால்கும் புளுட்சோவும் கப்பலில் வந்து இறங்கினார்கள். அச்சுக்கூடம் வந்தது. பொறையாற்றில் காகிதப் பட்டறை வந்தது. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1733ல் ஆரோன், இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் போதகராகக் குரு அபிஷேகம் பெற்றார். 2006ல் 300ஆம் ஆண்டு விழாவும் எடுத்தாயிற்று.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பீடத்துப் பக்கம் நின்று எழுதிய வரலாறு. அதே கோயிலுக்குள் தனியாக ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட சனங்க பக்கம் நின்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரியும். அந்த வரலாற்றின் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது: இராப்போஜனப் பாத்திரத்தை யார் கையால் வாங்கலாம், யார் கையால் வாங்கக்கூடாது?

சபை எங்கிருந்து தொடங்கியது என்பதிலிருந்தே வருவோம். 1707 மே 12ல் டேனிஷ்காரர்களின் சீயோன் கோயிலில் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் வியாபாரிகள் அல்ல, புலவர்கள் அல்ல, மிராசுதார்கள் அல்ல. டேனிஷ் எசமான்களிடம் இருந்த அடிமைகள். மனிதரை விலைக்கு வாங்கி விற்கிற ஊராக அன்றைய தரங்கம்பாடி இருந்தது. விலை பேசப்பட்ட ஐந்து உடல்களிலிருந்துதான் இந்தச் சபை பிறந்தது. சீகன்பால்கின் பெயரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த ஐந்து பேருடைய பெயரை எத்தனை பேர் சொல்வோம்?

அதே ஆண்டு ஆகஸ்ட் 14ல் தமிழ்ச் சபைக்கென்று எருசலேம் கோயில் பிரதிஷ்டையானது. சபை பெருகியதும் ராஜவீதியில் புதிய எருசலேம் ஆலயம் எழும்பி 1718 அக்டோபர் 11ல் திறக்கப்பட்டது. சிலுவை வடிவில் கட்டப்பட்ட கோயில். உள்ளே உட்காருவதற்கு ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று பிரித்ததோடு நிற்கவில்லை. சூத்திரர் தனி, பறையர் தனி என்றும் பிரித்தார்கள். மிஷனரிகளின் எழுத்திலேயே சபையார் இந்த இரண்டு பெயர்களால்தான் குறிக்கப்படுகிறார்கள். ஒரே ஞானஸ்நானம், ஒரே ஞானப்பாட்டு, ஒரே கூரை. ஆனால் பாய் விரிக்கிற இடம் மட்டும் வேறே வேறே. ஊர் - சேரிக் கோட்டை அழிக்க வந்ததாகச் சொன்ன கோயிலுக்குள்ளேயே அந்தக் கோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சபையில் வந்து சேர்ந்தவர்தான் ராஜநாயக்கன். பெயரைப் பார்த்து வேறு சாதி என்று எண்ணிவிட வேண்டாம். இவர் பறையர். 1700ல் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சாவூர் ராசாவின் படையில் சேர்வைக்காரர். தரங்கம்பாடியில் அச்சான வேதபுத்தகம் கைக்குக் கிடைத்து, அதைப் படித்து, அதிலிருந்து எழுந்த கேள்விகளோடு 1727ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு பட்டாளத்தை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். மிஷனரி தேடிப் பிடித்த மனிதர் அல்ல அவர். எழுத்தறிந்து, தானே படித்து, தானே தீர்மானித்து வந்தவர். தலித் வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்கினாலும் தகும்.

அன்றைக்கு நிலைமை என்ன? தரங்கம்பாடி டேனிஷ்காரருடைய சிறு துண்டு நிலம். அதைத் தாண்டினால் தஞ்சை ராச்சியம். வெள்ளைக்கார மிஷனரிகள் அங்கே நினைத்தபடி நுழைய முடியாது. ஆகவே அங்கே சபை வளர்ந்தது உபதேசியார்களின் காலால்தான். ராஜநாயக்கன் 1771ல் சாகிறவரை 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் செய்தார். பிரசங்கம் பண்ணினார், கற்றுக்கொடுத்தார், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தினார், எதிர்ப்புகளைத் தாங்கினார்.

ஆனால் குரு அபிஷேகம் மட்டும் கிடைக்கவில்லை. 1733ல் ஆரோனுக்குக் கிடைத்தது. அவர் வேளாளர். 1741ல் தியோகுவுக்குக் கிடைத்தது. ராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அவரை மெச்சித்தான் எழுதினார்கள். மேல்சாதிக் கிறித்தவர்களும் அவரை மதிக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். எழுதிவிட்டு, அவர் கையால் இராப்போஜனம் கொடுக்கச் செய்தால் அந்த மேல்சாதியாருக்கு இராப்போஜனத்தின் மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்று தயங்கினார்கள்.

இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். அவர் பிரசங்கம் செய்தால் தீட்டு இல்லை. ஏன்? பிரசங்கம் காது வழியாகப் போகிறது. அப்பம் கை வழியாக வருகிறது, ரசம் வாய் வழியாகப் போகிறது. சாதி காவல் காப்பது இந்த இடத்தைத்தான். உன் அறிவை எடுத்துக்குவேன், உன் உழைப்பை எடுத்துக்குவேன், உன் கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன் என்பது ஊர்க் கிணற்றடியின் நியாயம். அந்த நியாயம் பீடம் வரைக்கும் ஏறி வந்தது. வேளாளக் கிறித்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிஷனரிகள் வழிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

இது ஒரு தலைமுறையோடு முடிந்த கதையும் அல்ல. 1833ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் மற்ற இடங்களிலும் மேல்சாதிக் கிறித்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். போனவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு இடம் கொடுத்தது யார்? நம்முடைய லுத்தரன் மிஷன்தான். 1836ல் டிரெஸ்டனில் தொடங்கி லைப்சிக்குக்கு மாறிய சங்கம், 1840களில் டேனிஷ் மிஷனின் பழைய சபைகளை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1845ல் தரங்கம்பாடியும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. லைப்சிக் சங்கத்தின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்தார். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர் அவர். சாதியை ஒரு சமூக ஏற்பாடாகப் பார்த்து, கட்டாயப்படுத்தி ஒழிக்கக்கூடாது, மெள்ள மெள்ளக் கரையட்டும் என்று வாதாடினார்.

லுத்தரன்களுக்குள்ளேயே எதிர்க்குரலும் எழுந்தது. சாதியை விடாதவருக்குக் குரு அபிஷேகம் கூடாது என்று மிஷனரி ஓக்ஸ் சண்டை பிடித்தார். முடியாமல் பிரிந்து தென்னாற்காட்டுப் பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலை தொடங்கினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அது. ஆகவே அந்தக் காலத்தில் அப்படித்தான் இருக்க முடியும் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. வேறு மாதிரி இருக்க முடியும் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் இருந்தார்கள்.

1919ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் பிஷப்புக்குத் தரங்கம்பாடி பிஷப் என்றுதான் பட்டம். இருப்பது திருச்சி என்றாலும் பேர் இந்தச் சின்ன ஊருடையது. 1956ல் ராஜா மாணிக்கம் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரானார். வெள்ளைக்காரரிடமிருந்து நம்மவர் கைக்கு மாறியது பெரிய காரியம். ஆனால் ‘நம்மவர்’ என்ற சொல்லுக்குள் ராஜநாயக்கனின் சனங்க எவ்வளவு தூரம் அடக்கம் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துவிடவில்லை.

இந்த வரலாறு இன்றைக்கு நமக்கு எதற்கு? 1950 ஆகஸ்ட் 10ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவர் அட்டவணைச் சாதியாக மாட்டார் என்றது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறித்தவருக்குத் திறக்கவில்லை. கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே என்பது அதற்குச் சொல்லப்படும் பெரிய வாதம். அதற்குப் பதில் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியில் ஹால்லே நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் தரங்கம்பாடிக் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விடும் என்றால், 40 வருஷம் ஊழியம் செய்த ஒரு பறையர் கையில் ஏன் பாத்திரம் கொடுக்கப்படவில்லை? மதம் மாறியும் தீண்டாமை மாறவில்லை என்பதற்குச் சபையே தன் கைப்பட எழுதிவைத்த சாட்சியம் அது.

இந்தச் சாட்சியத்தை எடுத்துப் பேசச் சபைத் தலைவர்களுக்குக் கூச்சம் இருக்கலாம். அரசிடம் உரிமை கேட்க வேண்டுமென்றால் தன் வீட்டு அழுக்கையும் வெளியே காட்ட வேண்டிவரும். நமக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் ஒரு பாடத்துறையாகவே வந்துவிட்டது. அங்கேயும் வெளியேயும் படிக்கிற நம் மாணவர்கள் ஜெர்மன் படிக்க வேண்டும், அந்தக் கடிதங்களைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். உபதேசியார்களின் நாட்குறிப்புகளும் அறிக்கைகளும் அவற்றுக்குள் இருக்கின்றன.

சீகன்பால்க் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் பீடத்தின் முன்னே அடக்கமாகியிருக்கிறார். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பார்க்கட்டும். அடிமைகளாக இருந்து ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரையும், பாத்திரம் மறுக்கப்பட்ட ராஜநாயக்கனையும் சேர்த்து எழுதாதவரை அந்தச் சபைக்கு வரலாறு எழுதியாயிற்று என்று நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.