மாப்பிள்ளையின் கையெழுத்துச் சாவி



போன மாதம் நாமக்கல் போயிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் காலமாகி நாற்பது நாள். கேஸ் டேங்கர் லாரி வைத்திருந்தவர். அவர் மேசை டிராயரில் பென்டிரைவ் மாதிரி ஒன்று கிடந்தது. டெண்டருக்குக் கையெழுத்துப் போடும் டோக்கன்.

"மாமா, உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு உங்களுக்கு ஒண்ணு வேணும்னீங்களே. இதை அழிச்சு வச்சுக்குங்க" என்றான் மருமகன். டப்பாவிலேயே பின் நம்பரை எழுதி ஒட்டியிருந்தார் மனிதர்!

எனக்குப் பகீரென்றது. சான்றிதழ் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. யார் கையில் கிடைத்தாலும், இறந்தவர் பெயரில் ஒப்பமிடலாம்.

வகுப்பில் சோழர் செப்பேடு நடத்தியது நினைவிருக்கும். ஏடுகளை வளையத்தில் கோத்து, அதன் வாயைப் புலி, கயல், வில் பொறித்த முத்திரையால் அடைப்பார்கள். இடையில் ஒரு ஏட்டைச் செருக வேண்டுமானால் வளையத்தை வெட்டத்தான் வேண்டும். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் உள்ளங்கைப் பதிவையே வாங்கினார். அதுவும் சாலை போடும் சரக்குக்கான ஒப்பந்தம்தான்! 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரும் தனிச்சாவி, பொதுச்சாவி என்ற ஜோடிக்குக் கணக்கு வழி கண்டார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த ஒப்பத்தை ஏற்றது.

தனிச்சாவி டோக்கனின் சில்லுக்குள்ளேயே இருக்கும். ஒப்பமும் அங்கேயே நடக்கும். வெளியே நகலெடுக்க முடியாது. ஆகவே பெயர் மாற்றும் வேலையெல்லாம் கிடையாது; முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அழிப்பதற்குமுன் ஒன்று செய்யச் சொன்னேன். சந்தாதாரர் இறந்தால் சான்றிதழை ரத்து செய்ய அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி செய்கிறது. டோக்கனை மட்டும் துடைத்தால் சான்றிதழ் ரத்தாகிவிடாது. மருமகன் மரணச் சான்றிதழோடு விண்ணப்பித்தான். ரத்து உறுதியான பிறகே துடைத்தோம். பொத்தானை அழுத்தும்போது தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு என் பான் கார்டு, செல்போனில் வீடியோ சரிபார்ப்பு, மூன்றாம் வகுப்புச் சான்றிதழ். புதிய சாவி ஜோடி அதே சில்லுக்குள் பிறந்தது. பின் நம்பரை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. (மறக்காமலிருக்க முருகன்தான் துணை.)

கிளம்பும்முன் மருமகன் பழைய டெண்டர் ஒன்றைத் திறந்தான். சான்றிதழும் பொதுச்சாவியும் அந்த ஆவணத்துக்குள்ளேயே இருப்பதால், மாப்பிள்ளையின் பெயரும் ஒப்பமிட்ட தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினோம்.