நூறு நாள் எச்சரிக்கை: கொச்சி யூதப் பெண்களின் பெசாக் ஆயத்தமும் நோன்பு மரபும்

கொச்சி யூதப் பெண்களிடையே வழங்கிய ஒரு நம்பிக்கையை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவதுண்டு. பெசாக் எனப்படும் பாஸ்காப் பெருநாளின் முதலிரவு விருந்துக்கு முந்தைய நூறு நாளில், ஆயத்த வேலையில் வீட்டுப்பெண் சிறு பிழை செய்தாலும் கணவன் உயிருக்கும் பிள்ளைகள் உயிருக்கும் கேடு வரும் என்பது அது. இதை, கேரள அந்தணரான நம்பூதிரிகளின் தூய்மை ஒழுக்கத்தின் நிழலாகக் காண்பதே இத்துறையில் வேரூன்றிய வாசிப்பு. சிம்ஹத் தோரா என்னும் யூதத் திருநாளின் ஆடம்பரம் நாயர் அரசமரபிலிருந்தும், பெசாக்கின் கடுமை அந்தணத் துறவு ஒழுக்கத்திலிருந்தும் வந்தன என்று அது பங்கு பிரிக்கும். முதல் பாதியோடு எனக்கு வழக்கில்லை. இரண்டாம் பாதி இந்த நம்பிக்கையைத் தவறாகப் படித்திருக்கிறது என்பதே என் துணிபு.

முதலில் வேலைகளைப் பார்ப்போம். அரிசியை மணிமணியாக ஆராய்வது, கிணற்றை இறைத்துத் தேய்ப்பது, பெசாக்குக்கு முன் வரும் பூரிம் திருநாள் கழிந்தபின் சுவருக்கு வெள்ளையடிப்பது, பெசாக்குக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருப்பது ஆகியவை வழக்கமாகச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவற்றில் மிகச் சிலவற்றுக்கே நம்பூதிரி தேவைப்படுகிறார். பெசாக்கில் அரிசி உண்ணும் சிரிய மரபு யூதரும் அதை மும்முறை ஆய்ந்து எடுக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எந்த நம்பூதிரி இல்லமும் இல்லை. மேலும், பெசாக்கில் விலக்கப்படும் புளித்த மாவு தீட்டு அன்று. தீட்டு குளித்தால் போகும், நாள் கழிந்தால் போகும். புளித்த மாவை எரிக்கலாம், அல்லது யூதரல்லாதவருக்கு விற்றுவிடலாம். விற்றால் தீர்ந்துவிடும் ஒன்றை மடியோடு ஒப்பிடுவது பொருந்தவில்லை. அது உண்ணக்கூடாத, உடைமையாக வைத்திருக்கவும் கூடாத பொருள், அவ்வளவுதான்.

நூறு என்ற எண்ணை ஒரு தோராய எண்ணாகவே கொண்டு எல்லோரும் கடந்துபோயிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாதாரண யூத ஆண்டில், பெசாக் தொடங்கும் நிசான் மாதம் 15இலிருந்து நூறு நாள் பின்னோக்கிப் போனால் தேவேத் மாதம் 3 வரும். ஹனுக்கா எனப்படும் விளக்குத் திருநாள் தேவேத் 2இல் முடியும். கிஸ்லேவ் மாதம் 29 நாளாகக் குறையும் ஆண்டில் மட்டும் 3இல். அதாவது பெரும்பாலும் விளக்குத் திருநாள் முடிந்த மறுநாளே நூறு தொடங்குகிறது. 2025இல் ஹனுக்கா ஜனவரி 2இல் முடிந்தது. பெசாக்கின் முதல் நாள் ஏப்ரல் 13. அதற்குச் சரியாக நூறு நாள் முன்பு ஜனவரி 3. அடுத்த பெசாக் 2026 ஏப்ரல் 2. நூறு நாள் முந்தினால் டிசம்பர் 23. ஹனுக்கா முடிந்ததோ 22. கொச்சியில் ஹனுக்காவை அடுத்தே ஆயத்தம் தொடங்கியது என்ற செய்தியோடு இது இசைகிறது. எனவே காலக்கெடு யூத நாட்காட்டிக்குள்ளேயே பிறந்தது என்று கொள்ள இடமுண்டு.

மீதம் இருப்பது அச்சம். பிழை செய்பவள் பெண். கேடு அடைபவர்கள் கணவனும் பிள்ளைகளும். இதற்கும் யூத மூலம் உண்டு என்பார் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவைக் காட்டலாம். சப்பாத் பகுதி, 2ஆம் அதிகாரம், 6ஆம் கூற்று: விலக்குக்கால விதி, மாவில் பங்கு பிரித்தல், சப்பாத் விளக்கு ஆகிய மூன்றில் கவனம் தவறிய பெண்கள் பேறுகாலத்தில் இறப்பார்கள் என்கிறது அது. கடுமையான எதிர்வாதம்தான். ஆனால் அங்கே தண்டனை தவறியவள் மீதே விழுகிறது. கொச்சியில் அவள் தப்பிவிடுகிறாள், வீடு அழிகிறது. துறவு மரபிலும் இந்த அமைப்பு இல்லை. துறவி வீட்டை விட்டுப் போகிறவர்; தம் ஒழுக்கத்தின் பலனைத் தாமே சுமப்பவர். நம்பூதிரியின் ஆசாரமும் முதன்மையாக ஆணின் வைதிகத் தகுதியைக் காப்பது.

பெண்ணின் கவனத்தில் கணவன் ஆயுள் தொங்கும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ எந்தப் பாட்டியும் விடை சொல்லிவிடுவார். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், ஏறத்தாழ மார்ச் 14இல், காரடையான் நோன்பு. பஞ்சாங்கம் குறித்த நேரம் நள்ளிரவானாலும் இலை போட்டு, காராமணி சேர்த்த அடையும் வெண்ணெயும் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்வார்கள். சாவித்திரி கணவனை மீட்ட கதையே அதன் ஆதாரம். கேரளத்தில் இதே இடத்தில் நிற்பது தனு மாதத் திருவாதிரை நோன்பு. தனு நமக்கு மார்கழி. மேலே கணக்கிட்ட இரண்டு தொடக்க நாளும் மார்கழிக்குள்ளேயே விழுகின்றன. இந்த ஒற்றுமையின் மேல் நான் எதையும் கட்டவில்லை. பார்க்காமல் போகவும் மனமில்லை. தமிழகத் தென்மாவட்டங்களின் செவ்வாய்ப்பிள்ளையார் நோன்பில் ஆண்பிள்ளைகளுக்கே இடமில்லை. இந்த நோன்புகள் எல்லாம் புரோகிதர் தலைமை இல்லாமல், பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும் மரபு. கொச்சி யூதப் பெண் அண்டை வீட்டிலிருந்து எதையாவது வாங்கியிருந்தால் அதை அடுப்படி வழியாகவே வாங்கியிருப்பாள்; இல்லத்துப் பூமுகத்தில் அவளுக்கு என்ன வேலை?

கொச்சி நம்பிக்கைக்கான சான்று பிற்கால நினைவுகளிலிருந்து வந்தது என்ற ஆட்சேபம் எழும். நோன்புகள் பலவற்றுக்கும் சான்று அதே வகைதான். நோன்பு ஒரு நாள், இது நூறு நாள் என்பார்க்கும் பெரிய பதில் தேவையில்லை: கெடு யூதருடையது என்று சொல்லிவிட்டேன்.

சென்னையில் வாழ்ந்த யூதர்கள் விட்ட சான்று இங்கே உதவுமா என்றால் இல்லை. பவளக்காரத் தெரு யூத வணிகர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் விட்டுச்சென்றவற்றில் லாயிட்ஸ் சாலைக்குக் கொண்டுவந்து வைத்த சில கல்லறைக் கற்களே நம் கைக்கு எட்டுகின்றன. அவர்கள் வீட்டு அரிசியை யார் ஆய்ந்தார்கள் என்று கல் சொல்லாது.

என் வாசிப்பைச் சோதிக்க வழி ஒன்று உண்டு. 19 ஆண்டுச் சுழற்சியில் 7 ஆண்டுகளில் ஆதார் மாதம் இரட்டிக்கிறது. ஹனுக்காவுக்கும் பெசாக்குக்கும் இடைவெளி ஏறத்தாழ 130 நாளாகிவிடும். அந்த ஆண்டுகளில் பெண்கள் ஹனுக்காவின் மறுநாளே தொடங்கினார்களா, ஒரு மாதம் பொறுத்தார்களா? இஸ்ரேலின் நெவாத்திம், மெசிலாத் சியோன் ஊர்களில் குடியேறிய கொச்சிக் குடும்பங்களின் மூத்த பெண்களிடம் இதைக் கேட்கவேண்டும். பொறுத்தார்கள் என்றால் நூறு என்ற எண்ணுக்கே தனி ஆற்றல் இருந்திருக்கிறது; அப்போது கெடுவைப் பற்றி நான் சொன்னதைத் திருத்திக்கொள்ள நேரும், அச்சத்தைப் பற்றிச் சொன்னதை அல்ல.