இசைத்தட்டிலிருந்து கணினிக்கு

இலங்கை வானொலியின் வரலாறு இசைத்தட்டோடுதான் ஆரம்பமாகிறது. கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1924இல் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது கிராமபோன் இசையைத்தான். மறு ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது.

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கத் தலைப்பட்டார். இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தமிழகத்தில் பெரும் செல்வாக்குடன் விளங்கியது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை நினைவுகூரும் நாம், அக்குரல்களுக்குப் பின்னால் சுழன்ற தட்டுகளை மறந்துவிடுகிறோம்.

வானொலியில் கேட்ட பாடல்களை விலைகொடுத்து வாங்கி வைத்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்தனர். 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது, நூல்களோடும் புகைப்படங்களோடும் இசைத்தட்டுகளும் சாம்பலாயின. அதே நாட்களில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையாகி, பல திரைப்படங்களின் மூலப்படச்சுருள்கள் அழிந்தன. மூலச்சுருள் எரிந்து, வேறு பிரதியும் இல்லாத படம் மீள்வதில்லை. இசைத்தட்டோ அச்சிட்ட நூலைப் போன்றது. ஒரு வீட்டில் எரிந்தது இன்னொரு வீட்டு அலுமாரியில் எஞ்சியிருக்கக்கூடும். அந்த எஞ்சிய பிரதியைத் தேடிப் பதிவு செய்வதே இன்று நம் முன் உள்ள பணி.

ஒருகொடவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டில் இப்பணியைப் பார்த்தேன். பழைய ரெக்கோர்ட் பிளேயர், ஒரு சிறிய அம்ப்ளிஃபையர், ஒரு கணினி. உபகரணம் அவ்வளவே. கவனம்தான் அதிகம் வேண்டும். 78 சுழற்சித் தட்டுகள் அரக்கினால் ஆனவை. அரக்கு மதுசாரத்தில் கரையும் என்பதால் அவற்றை ஸ்பிரிட்டால் துடைத்தால் தட்டே கெட்டுவிடும். அவற்றின் வரிப்பள்ளம் அகலமானது. ஊசியின் முனை ஏறத்தாழ 75 மைக்ரோன் இருக்கவேண்டும். 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான வினைல் லோங் பிளே தட்டுக்கு 25 மைக்ரோனோ அதனிலும் குறைவோ போதும். ஊசி மாறினால் ஒலி கெடும், தட்டும் தேயும்.

கணினியில் 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் பதிந்து, சுருக்கப்படாத கோப்பாக வைப்பது நல்லது. கரகரப்பை நீக்கும் ஆசை பலருக்கு வருகிறது. மென்பொருள் இரைச்சலோடு நாதஸ்வரத்தின் கார்வையையும் சேர்த்து அகற்றிவிடும். ஆகவே, முதற்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியொன்றில் மட்டுமே சுத்திகரிப்பைச் செய்யவேண்டும். தட்டின் நடுவிலுள்ள லேபிளையும் உறையையும் படம்பிடித்து, தட்டிலக்கத்தைக் குறித்துவைப்பதும் அவசியம். பாடகர், நிறுவனம், காலம் ஆகியவற்றை ஆய்வாளர் அறிய அதுவே சான்று.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்து அச்சுப் பிரதிகளைத் தேடித் தேடி மின்வடிவாக்கி வருகிறது. ஒலிக்கும் அத்தகைய உழைப்புத் தேவை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சென்னையிலோ உங்கள் பெற்றோரின் பெட்டியில் பழைய தட்டுகள் இருந்தால், அவற்றை வீசிவிடாதீர்கள். பதிவு செய்து, ஒரு பிரதியை வேறொரு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்திருந்ததன் விலை என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும்.